மேற்கோள் மார்க்கும் கெளுத்தி முள்ளும்

இன்றைக்கு சர்க்கரை, பிரஷர் பற்றி இல்லை. கொஞ்சம் நீளமான இழை. ஒரு டீயோடு உட்கார்ந்து படிங்க.

சில வாரங்களுக்கு முன் ஒரு காலை ஓபி. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வலையிலிருந்து மீன் கழற்றும்போது கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கை வீங்கியிருக்கு, வலியில் முகமெல்லாம் வியர்வை.

முதலில் ஊசி கேட்கவில்லை, வெந்நீர் கேட்டேன். நர்ஸ் அக்கா கொண்டுவந்து வைத்தார். தாங்கக்கூடிய சூடு, 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அடிபடாத கையை முதலில் விட்டுப் பார்த்துவிட்டு, அடிபட்ட கையை விடணும். கெளுத்தி, திருக்கை இரண்டின் முள்ளிலும் இருக்கும் நஞ்சு சூட்டில் செயலிழக்கும் வகை. அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். இருபது நிமிடத்தில் அந்த அண்ணன் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். (முள் உடைந்து உள்ளே தங்கியிருக்கா என்று பார்க்கணும், டிடி ஊசி போடணும், புண் ஆறாமல் இழுத்தால் மறுபடி வரணும். வெந்நீரோடு வேலை முடிந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீங்க.)

கை தண்ணீரில் இருக்கும்போது அவர் கேட்டார்: "சார், நீங்க படிச்சவரு, ஒண்ணு கேக்கணும். எங்க ஊருக்கு காலேஜிலேர்ந்து வர்றாங்கோ. ஏரித் தண்ணிய பாட்டில்ல புடிக்கிறாங்கோ. மீன் வாங்கிக்கினு போறாங்கோ. வூடு வூடா எழுதிக்கினு போறாங்கோ. எங்க வூட்ல ரத்தம்கூட குடுத்தாங்கோ. அதுல இன்னா வந்துதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்ப வந்து சொல்லல. அதெல்லாம் இன்னா ஆவுது சார்?"

உண்மையைச் சொன்னேன். "கட்டுரையா எழுதுவாங்கண்ணா."

"எழுதினா?"

"மத்த ஊர் ஆராய்ச்சிக்காரங்க அதைப் படிச்சிட்டு, அவங்க எழுதுற கட்டுரையில இதைக் குறிப்பிடுவாங்க. எத்தனை பேர் குறிப்பிட்டாங்கன்னு எண்ணி அந்தத் துறைக்கு, அந்தக் காலேஜுக்கு மார்க் போடுவாங்க."

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓ... அப்ப மார்க்கு அவங்களுக்கு."

அன்றைக்கு ஓபியில் நூற்றுக்கும் மேல் கூட்டம். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை போகவில்லை. அதனால்தான் இந்த இழை.

முதலில் ஒரு ஒப்புதல். நான் வெறும் எம்பிபிஎஸ். என் பெயரில் ஆய்வுக் கட்டுரை ஒன்றுகூட இல்லை. "உனக்கு இதில் என்ன வேலை?" என்று கமெண்டில் யாராவது கேட்பீங்க, தெரியும். என் பதில் இதுதான்: ரத்தம் எடுக்கப்படுவது என் நோயாளிகளிடம். அதன் முடிவு வந்து சேரவேண்டிய மேசைகளில் என் மேசையும் ஒன்று. வந்து சேராவிட்டால் கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

இந்த மேற்கோள் கணக்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்ட் என்று ஒருவர். எந்தக் கட்டுரையை யார் யார் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று அட்டவணை போடலாம் என்ற யோசனையை 1955-ல் சயின்ஸ் இதழில் எழுதினார். 1964-ல் அந்த அட்டவணையே வந்துவிட்டது. ஒரு விஷயத்தைப் பற்றி அடுத்து யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பிடிக்க அது அருமையான கருவி. நூலகர்களுக்கு எந்த இதழை வாங்குவது என்று முடிவு செய்யவும் உதவியது. தேடுவதற்காக வந்த சாமான். பிறகு அதையே எடைபோடும் தராசாகவும் ஆக்கிக்கொண்டோம்.

2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'எச்-இண்டெக்ஸ்' கொண்டுவந்தார். உங்களுடைய 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை குறிப்பிடப்பட்டிருந்தால் உங்கள் எண் 10. அவ்ளோதான். ஒரு ஆளின் வாழ்நாள் வேலை ஒற்றை எண்ணில்.

நம் நாட்டில் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016-லிருந்து வருகிறது. மருத்துவக் கல்லூரிகளுக்குத் தனிப் பட்டியல் 2018-லிருந்து. மொத்தம் 100 மதிப்பெண்ணில் 30 ஆராய்ச்சிக்கு. அதில் பெரும்பகுதி எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்பதற்குத்தான். கணக்கு எடுப்பது ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு தரவுத் தளங்களிலிருந்து. கவுன்சலிங் நேரத்தில் நீங்கள் "எந்தக் காலேஜ் எத்தனையாவது ரேங்க்" என்று பார்க்கிறீங்களே, அந்த ரேங்கில் இந்தக் கணக்கும் கலந்திருக்கு.

எதிர்த்துப் பேசுமுன் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த எண் வருவதற்கு முன் எப்படி இருந்தது? யார் பெரியவருக்கு வேண்டியவரோ அவர் துறைதான் சிறந்த துறை. ஊரும் உறவும் பார்த்துக் கொடுத்ததைவிட, எண்ணிப் பார்ப்பது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு துறை பத்து வருடமாக எழுதியதை உலகத்தில் ஒருத்தர்கூடத் தொடவில்லை என்றால், அதுவும் ஒரு தகவல்தான். அதை மறைக்கக் கூடாது.

ஆனால் எண்ணுகிற விதத்தில் ஓட்டை இருக்கு. ஒரு வார்டில் பத்து பேர். ஒன்பது பேருக்கு சர்க்கரை 100. ஒருத்தருக்கு 600. சராசரி 150. "இந்த வார்டே சர்க்கரை வார்டு" என்று எழுதினால் எந்த ஹவுஸ் சர்ஜனும் சிரிப்பான். துறைகளுக்கு இதைத்தான் செய்கிறோம்.

உலக நோய்ச்சுமை ஆய்வு என்று ஒன்று இருக்கு. லான்செட்டில் வரும். ஒரே கட்டுரையில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள். ஆயிரக்கணக்கில் மேற்கோள் விழும். நல்ல வேலை, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு கல்லூரியின் ஒரு துறையில் ஒரே ஒருத்தர் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், பங்கு பிரிக்காமல் எண்ணும்போது மொத்த மேற்கோளும் அந்தத் துறைக் கணக்கில் ஏறும். பக்கத்து அறையில் ஐந்து வருடம் குப்பம் குப்பமாக அலைந்து கெளுத்தி முள் காயங்களைப் பதிவு செய்த துறை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும்.

மேற்கோள் என்றால் பாராட்டு என்றும் அர்த்தமில்லை. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து, எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு லான்செட்டில் எழுதிய கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு ஆயிரத்துக்கும் மேல் மேற்கோள். பெரும்பாலானவை "இது தவறு" என்று சொல்வதற்காகக் குறிப்பிட்டவை. எண்ணும் இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2017 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது நினைவிருக்கா? வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத நாட்கள். ஒரு அம்மாவை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினேன். தாக்கம் என்றால் வேக்ஃபீல்ட் கட்டுரைக்கு இருந்ததுதான் தாக்கம். என்ன தாக்கம் என்று கேட்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

அப்புறம் விளையாட்டு. மார்க் எதற்கோ, ஆட்டம் அதற்கு. நான் படித்த காலத்தில் ஒரு துறையில் கட்டுரை எழுதி முடித்ததும் கடைசியாக ஒரு வாக்கியம் வரும்: "நம்ம டிபார்ட்மென்ட் பேப்பர் நாலு சேர்த்துடுப்பா." சம்பந்தம் இருக்கா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. நானும் சேர்த்திருக்கேன். அந்தக் கட்டுரையில் என் பெயர் வரவில்லை என்பது வேறு கதை.

2023-ல் சயின்ஸ் இதழும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தளமும் சென்னையிலுள்ள ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி பற்றி ஒரு செய்தி வெளியிட்டன. இளநிலை மாணவர்களைத் தேர்வுபோல உட்காரவைத்துக் கட்டுரை எழுத வைப்பது, அந்தக் கட்டுரைகளில் தங்கள் கல்லூரிக் கட்டுரைகளையே குறிப்பிடுவது என்று அதில் இருந்தது. கல்லூரித் தரப்பு தவறு எதுவும் இல்லை என்று மறுத்தது. தேடினால் கிடைக்கும், இரண்டு பக்கத்தையும் படித்து நீங்களே முடிவு செய்யுங்க. அந்தக் கல்லூரியைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. இப்படி மார்க் போட்டால் யாரும் இப்படி ஆட வாய்ப்பு இருக்கு என்பதுதான் விஷயம். 2025 என்ஐஆர்எஃப்பில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மார்க் குறைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நல்லது. திருடனைப் பிடிக்கும். திரும்பி வராத ரத்தப் பரிசோதனை முடிவு பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இப்போது என் மேசைக்கு வருகிறேன்.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. கேள்வி எளிமையானது: காசநோயாளியை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்தே ஆகணுமா, வீட்டில் வைத்தே மாத்திரை கொடுக்கலாமா? 1959-ல் உலக சுகாதார நிறுவன இதழில் பதில் வந்தது. வீட்டிலேயே கொடுக்கலாம், பலன் ஏறக்குறைய சமம், வீட்டிலிருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை. அதுவும் நெருக்கடியான, சத்துக் குறைவான ஏழை வீடுகளில்! உலகம் முழுக்க காசநோய் சிகிச்சை மாறியது. நமக்கு மிஞ்சியது தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் பெயர்.

அந்தக் கட்டுரையின் முடிவை நான் ஒவ்வொரு வாரமும் பயன்படுத்துகிறேன். ஒருமுறைகூட மேற்கோள் காட்டியதில்லை. எங்கே காட்டுவது? ஓபி சீட்டிலா? நாட்டில் எத்தனை ஆரம்ப சுகாதார நிலையம், எத்தனை செவிலியர், எத்தனை வீடு. அத்தனை இடத்திலும் அந்த ஆய்வு நடமாடிக்கொண்டிருக்கு. ஒன்றும் கணக்கில் ஏறாது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைச் சொல்லியிருக்கிறார்: ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவாகிவிட்டால் யாரும் மூலத்தைக் குறிப்பிடமாட்டார்கள். ரொம்ப வெற்றி பெற்றதே கணக்கிலிருந்து மறைந்துபோகும்.

இன்னொன்று. 2022-ல் நம் அரசு 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கியது. ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் துணை நின்றது. அதன் இதயம் ஒரு சிறிய தாள். புதிதாக காசநோய் கண்டறிந்தவரை அன்றைக்கே பார்க்கணும்: உடல் எடைக் குறியீடு எவ்வளவு, கால் வீங்கியிருக்கா, மூச்சு வேகம் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியுதா. அவ்ளோதான். ஸ்கேன் வேண்டாம், ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம். ஆபத்தில் இருப்பவரை உடனே அட்மிட் செய்யணும்.

இந்தத் தாள் வருவதற்கு முன்னால் நான் எப்படிப் பார்த்தேன் என்று யோசித்தால் கொஞ்சம் பயமாக இருக்கு. மாத்திரை எழுதிக் கொடுத்து "போயிட்டு வாங்கண்ணா" என்று அனுப்பியிருப்பேன். அந்தத் தாள் வந்தபின் ஒருநாள், ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் ஒரு அம்மாவை "எழுந்து நில்லுங்கம்மா" என்று சொன்னேன். நாற்காலியைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. பேச்சில் ஒன்றும் தெரியவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அன்றே அட்மிஷன். பிழைத்துவிட்டார். இந்தத் தாளைத் தயாரித்த துறைக்கு எத்தனை மேற்கோள் இருக்கு என்று எனக்குக் கவலையில்லை. அந்த அம்மாவுக்கும் இருக்காது.

முதலில் சொன்ன வெந்நீர் விஷயமும் இதே கதைதான். கலிபோர்னியாவில் திருக்கை குத்தி வந்த 119 பேரின் மருத்துவப் பதிவுகளைப் புரட்டி 2007-ல் ஒரு அவசர மருத்துவ இதழில் எழுதினார்கள். வெந்நீர் மட்டுமே வைத்தவர்களில் பெரும்பாலானோருக்கு வேறு வலி மருந்தே தேவைப்படவில்லை. பெரிய கருவி, பெரிய பணம் எதுவும் இல்லாத ஆய்வு. பழவேற்காட்டில் ஒரு கை வலி தீர்ந்தது அதனால்.

சரி, அந்த அண்ணன் கேட்டது பழவேற்காடு பற்றி. அன்றிரவு டூட்டி முடிந்து உட்கார்ந்து தேடினேன். அவர் வீட்டில் ரத்தம் எடுத்த குழு எழுதியது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு இரண்டு.

ஒன்று, சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர் 2008-ல் 'குளோபல் என்விரான்மென்டல் சேஞ்ச்' இதழில் எழுதியது. பழவேற்காட்டின் பாடு முறை பற்றியது. எந்த ஊர் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று மீனவர்களே தங்களுக்குள் முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பாடு உள்ளவர் யார், இல்லாதவர் யார், ஏரி மாறும்போது யார் எப்படி ஈடுகொடுக்கிறார்கள் என்று போகிறது கட்டுரை. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் இதை எடுத்துக் குறிப்பிடுகிறார்கள். மேற்கோள் கணக்கில் நல்ல மார்க்.

இன்னொன்று, பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவ ராஜ். சென்னை கிறித்தவக் கல்லூரி விலங்கியல் துறையில் இருந்தவர். பல பத்தாண்டுகள் இந்த ஏரியைச் சுற்றியவர். ஏரியின் மீன், நண்டு, இறால், சிப்பி என்று அவர் தொகுத்த நூலை 2006-ல் தேசிய பல்லுயிர் ஆணையம் வெளியிட்டது. ஏரியில் என்னென்ன இருந்தது என்று நாளைக்கு ஒரு துறைமுக விரிவாக்கமோ, முகத்துவாரம் அடைபடுவதோ விவாதத்துக்கு வரும்போது எடுத்துக் காட்ட வேண்டியது இப்படிப்பட்ட பட்டியலைத்தான். ஆனால் அரசு ஆணையத்தின் வெளியீடு பொதுவாக ஸ்கோபஸ் கணக்கில் வராது. தமிழில் எழுதினால் கேட்கவே வேண்டாம், பூஜ்ஜியம்.

இரண்டுமே நல்ல வேலை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று நான் சொல்லவரவில்லை. ஒரே தராசில் வைத்தால் ஒன்றின் எடை மட்டும் காட்டும் தராசு அது என்கிறேன்.

இதைச் சொல்பவன் நான் மட்டும் இல்லை. 2015-ல் நேச்சர் இதழில் வந்த லைடன் அறிக்கை ஆராய்ச்சியை அளப்பதற்குப் பத்து விதிகள் சொன்னது. எண் துணை மட்டும், தீர்ப்பு ஆட்களுடையது என்பது அதில் முதலில் வருவது. உள்ளூர்த் தேவைக்கான ஆராய்ச்சியைக் காப்பாற்றணும் என்பதும் அதில் ஒன்று. எண்களைத் தொழிலாக வைத்திருப்பவர்களே எழுதியது.

பிரிட்டனில் 2014-ல் பல்கலைக்கழகத் துறைகளை மதிப்பிடும்போது 20 சதவீத மதிப்பெண்ணை, "உங்கள் ஆராய்ச்சியால் கல்விக்கூடத்துக்கு வெளியே என்ன மாறியது, ஆதாரத்தோடு எழுதுங்க" என்பதற்கு வைத்தார்கள். 2021-ல் 25 சதவீதமாக ஏற்றினார்கள். அங்கேயும் புகார் உண்டு. கதை எழுதத் தெரிந்தவருக்கு மார்க் என்கிறார்கள், நிறைய நேரமும் பணமும் போகிறது என்கிறார்கள். உண்மைதான். நம் ஊரில் கொண்டுவந்தால் முதல் வருடமே அதற்கும் ஏஜென்ட் வந்துவிடுவான், எனக்கும் தெரியும்.

அதனால் நான் கேட்பது அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை. ஒரே ஒரு கேள்வியை மதிப்பீட்டில் சேருங்க: யாரிடம் தகவல் எடுத்தீங்களோ, அவர்களிடம் முடிவு திரும்பிப் போனதா? தமிழில் ஒரு பக்கம், ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு மாலைக் கூட்டம், பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஒரு நகல். ஆய்வின் பலனை அந்தச் சமூகத்தோடு பகிரணும் என்று ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளே சொல்லுது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கொடுக்கும்போது எழுதி வாங்குகிறோமே, அதைச் செய்தார்களா என்று கடைசியில் ஒருமுறை பார்த்தால் போதும்.

நேர்மையாக வேலை செய்யும் துறைகளுக்கு இது சுமை இல்லை. ஏற்கனவே செய்பவர்களும் இருக்காங்க. அவர்களுக்குத்தான் இப்போது மார்க் கிடைக்காமல் இருக்கு.

இதைப் படிக்கும் பிஜி தம்பி தங்கைகளுக்கு: தீசிஸுக்காக ஊருக்குப் போறீங்க, ரத்தம் எடுக்கிறீங்க, ஹீமோகுளோபின் 7 வந்தவரின் சீட்டை எக்ஸெல்லில் ஏற்றிவிட்டு மூடிடாதீங்க. அவருக்கு ஒரு போன் போடுங்க. எங்களுக்கு ஒரு போன் போடுங்க. நாங்க பார்த்துக்கிறோம்.

அந்த அண்ணன் நாலு நாள் கழித்து டிரெஸ்ஸிங்குக்கு வந்தார். வீக்கம் வடிந்திருந்தது. "உங்க ஊர் பாடு முறையைப் பத்தி ஒரு வெளிநாட்டு அம்மா எழுதியிருக்காங்கண்ணா, உலகம் பூரா எடுத்துக் காட்டுறாங்க" என்றேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன்.

"அதுல எங்க பாட்ட சரியா எழுதிக்கிறாங்களா சார்? படிச்சிக் காட்டுவீங்களா?"

வீட்டுக்காரம்மாவுக்கு அன்றே ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். கட்டுரையின் சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி டிராயரில் வைத்திருக்கிறேன். ஏரியில் இறால் சீசன், அடுத்த வாரம் வருகிறேன் என்றிருக்கிறார்.